முடிவைச் சொல்லிவிட்ட சனிக்கிழமை

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். வாரம் முழுக்க நீளக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து நின்று இழுத்த கை, பேனாவைப் பிடித்தால் அழுத்தம் தெரியாமல் காகிதத்தைக் கிழித்துவிடுகிறது. படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். இதைக் கணினியில் ஏற்றப்போகிற என் மகள் பிழைகளைத் திருத்திவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பியவற்றைப் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வழக்கப்படி முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. பயப்படாமல் படிக்கலாம்.

ராசா என்கிற ஊரில் ஒரு கோயில் மண்டபத்துக்குப் பின்னால் சின்ன அறை ஒன்று இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளுமாக அங்கே கூடி நாவல்களைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாம் மாயக்கதைகள். மந்திரம், பேசும் மிருகம், எந்த வரைபடத்திலும் இல்லாத ராஜ்ஜியம், அதைக் காப்பாற்றப் புறப்படும் பதினாறு வயதுப் பெண். ஆங்கிலத்தில் நிறைய, மலாயில் கொஞ்சம், தமிழில் சில. ஒருவர் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு விமர்சனம் சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கூட்டத்தை நடத்தும் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. அப்போது நான்காம் படிவம், பதினாறு வயது.

எங்கள் தோட்டம் கோலா பிலா நகரத்துப் பக்கம். அங்கிருந்து மலைப்பாதை வளைவுகளில் இறங்கி அவளை ராசாவுக்குக் கூட்டிப் போவது என் வேலை. நான் கூச்சக்காரன். காலைப் பெரட்டு அணிவகுப்பில் மண்டோர் என்கிற மேஸ்திரி ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடும்போது மற்றவர்கள் சத்தமாகப் பதில் சொல்வார்கள், நான் கையை மட்டும் தூக்குவேன். அதனால் மகளை வாசலில் இறக்கிவிட்டு, மரத்தடியில் காரை நிறுத்தி, கூட்டம் முடியும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு சனிக்கிழமை கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பின் சீட்டில் அவள் படித்து முடித்த தமிழ் நாவல் ஒன்று கிடந்தது. அட்டையில் ஒற்றைக்கண் புலி. எடுத்தேன்.

அந்த நாவலில் வரும் நாட்டில் ராஜாவை எதிர்த்துப் பேசுகிறவனுடைய நிழலை அரண்மனைக்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். நிழல் போனவன் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களின் நினைவிலிருந்து அழிந்துபோவான். தம்பியின் நிழலை மீட்க ஒரு பெண் காட்டு வழியே கிளம்புகிறாள். துணைக்கு அந்தப் புலி. மழை பெய்யும்போது மட்டும் அதற்குப் பேச்சு வரும்.

உதட்டை அசைத்துப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அவ்வளவு மெதுவாகப் படித்தும் விட முடியவில்லை. வேலை இடத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் நிழலைத் திரும்பிப் பார்த்தேன். உச்சி வெயிலில் அது காலடியில் சுருண்டு கிடந்தது. இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது.

அடுத்தமுறை ராசாவிலிருந்து திரும்பும்போது, நானாகவே பேச்செடுத்தேன்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு அவ்ளோ நாளு காட்டுல நடக்குது. ஒரு வாய் சோறு திங்கலையே?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா! நீங்க அத படிச்சீங்களா?"

"புலிக்கு மட்டும் மான் கெடைக்குது. அந்தப் புள்ளைக்கு ஒரு மரவள்ளிக் கெழங்கு கூடவா கெடைக்காது?"

"ஐயோ, அது ஃபேண்டசிப்பா!"

"ஃபேண்டசின்னா பசிக்காதா?"

அவள் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அதற்கு முன் எங்களுக்குள் பேச்சு என்றால், சாப்பிட்டியா, எத்தனை மணிக்கு வரணும், காசு வேணுமா, அவ்வளவுதான். அன்றிலிருந்து மலை ஏறும் பாதை முழுக்கப் புலி, நிழல், அரண்மனை என்று பேசிக்கொண்டே வருவோம். வேறு தமிழ் நாவல்களும் எடுத்து வந்து கொடுத்தாள். பறக்கும் படகைப் பற்றி ஒன்று, கடலுக்கடியில் நடக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று. படகு எனக்குப் பிடிக்கவில்லை. அது ஏன் பறக்கிறது என்று கடைசிவரை யாருமே கேட்பதில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் பேச வேண்டிய பையன் வரவில்லை. மகள் காருக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, நீங்க வந்து பேசுங்க. புலி புக்கு. நெறைய பேரு இன்னும் படிக்கல, நல்லா இருக்கும்."

"நானா? சும்மா இரும்மா."

"எங்கிட்ட சொன்னத அப்படியே சொன்னா போதும்லா. வாங்கப்பா, ப்ளீஸ்."

போனேன். எல்லாரும் வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். யார் முகத்தையும் பார்க்காமல், எதிர்ச் சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். போகப் போகக் கூச்சம் குறைந்தது. புலி குழியில் விழுந்த இடம் வந்தபோது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது.

அங்கேதான் ஒரு பையன் கத்தினான். "அங்கிள், அங்கிள்! போதும்லா!"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் கதை கேட்கிறவர்கள் அப்படிக் கத்தினால், இழுக்காமல் சீக்கிரம் அடுத்ததைச் சொல் என்று அர்த்தம். வேகமாகச் சொன்னேன். இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். புலிக்காகப் பயப்படுகிறார்கள் என்று நினைத்து, "பயப்படாதீங்கம்மா, புலி பொழச்சிக்கும்" என்றேன். சுவரோரம் நின்ற மகள் இரண்டு கையையும் ஆட்டினாள். சத்தம் போதவில்லை போல என்று குரலை உயர்த்தினேன். புலி தன் சொந்த நிழலையே தம்பிக்குக் கொடுத்துவிடுகிறது, நிழல் இல்லாததால் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதன் குரல் கேட்கிறது. கடைசி வரிவரைக்கும் விடாமல் சொல்லிவிட்டு, "அவ்ளோதான்" என்று உட்கார்ந்தேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. வாசலில் தேநீர்க் கடை போட்டுத் தே தண்ணி கலக்கிக்கொண்டிருந்தவர் மட்டும் சொன்னார்: "கத பிரமாதம் அண்ணே. இனிமே அந்த புக்க யாரும் வாங்க வேணாம்."

சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

திரும்பும்போது மலை அடிவாரம் வரைக்கும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள். "ஏம்ப்பா முடிவச் சொன்னீங்க?"

"சொல்லாம எப்படிம்மா? பாதியில விட்டா அசிங்கம் இல்லையா?"

"ரிவியூன்னா முடிவு சொல்லக்கூடாதுப்பா. படிக்கப்போறவங்களுக்கு அப்புறம் என்னா இருக்கு? நான்தான் உங்கள கூட்டிட்டு வந்தேன். எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"அடுத்த மாசம் நீங்க கார்லயே இருங்க."

நான் காரில் இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. அதுதான் என் இடம். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வளைவுக்கு வளைவு நாங்கள் பேசிக்கொண்டு வந்த பாதை. ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்தால் மேலே படிக்க எங்கேயோ போய்விடுவாள். அதுவரைக்கும் மாதத்துக்கு ஒருமுறை எனக்குக் கிடைத்த பேச்சு அது. என் வாயாலேயே அதைக் கெடுத்துக்கொண்டேனோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் என் மனைவி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "என்னாங்க, ஏன் இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு வர்றீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான்.

"அது கெடக்குது. புலி பொழச்சிச்சா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க."

"அம்மா!" என்று கத்திவிட்டு மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி விடவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள். "இங்க பாரு, உங்கப்பா மேல கோவப்படாத. நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப திடல்ல திரை கட்டி படம் போடுவாங்க. இன்னிக்குத் தோட்டத்து மேல் டிவிஷன்ல போட்டா நாளைக்குக் கீழ் டிவிஷன்ல. பாதிப் படத்துல மழ வந்துரும், இல்லன்னா மிஷின் நின்னுரும். படக்காரன் பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருவான். அதனால மேல் டிவிஷன்காரங்க மொத நாளே பாத்துட்டு வந்து முழுக்கதையும் சொல்லிருவாங்க. முடிவு தெரிஞ்சாத்தான் மழ வந்தாலும் எந்திரிச்சு வரலாம். பாதி சொல்லிட்டு நிறுத்துனவனத்தான் திட்டுவோம். உங்கப்பா நல்லா சொல்லுவாரு. அந்த வயசுல அவரு வாயத் தொறந்து பேசுனதே கத சொல்லுறப்ப மட்டுந்தான்."



அந்த மாதம் சாப்பாட்டு மேசையில் மகள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள். பேச்சு பழையபடி சாப்பிட்டீங்களா, போய்ட்டு வரேன் என்று சுருங்கிவிட்டது. புலிக் கதையின் இரண்டாம் பாகம் வந்திருந்தது. அவள் வாங்கிப் பின் சீட்டில் போட்டிருந்தாள். நான் தொடவில்லை.

அடுத்த முதல் சனிக்கிழமை சொன்னபடி காரிலேயே இருந்தேன். கூட்டம் ஆரம்பிக்கும் முன் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கோலா பிலாவிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். அன்று காதைப் பொத்திக்கொண்டவர்களில் ஒருத்தி. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"அங்கிள், ரெண்டாவது புக்குல புலி வருதா?"

"நான் படிக்கலையேம்மா."

"படிங்க அங்கிள். ஏன்னா, மொத புக்கு, புலி குழியில விழுற எடத்துலயே நான் மூடி வச்சிட்டேன். எங்க நாயி அப்பத்தான் செத்துப்போச்சு. மிருகம் சாவுற கதன்னா என்னால முடியாது. நீங்க பொழச்சிக்கும்னு சொன்னீங்களா, அப்பறம்தான் எடுத்துப் படிச்சேன். ஃபுல்லா படிச்சேன். அழுதேன், ஆனா படிச்சேன்."

"காத பொத்திக்கிட்டியே?"

"லேசாத்தான் பொத்துனேன் அங்கிள்."

அவளுக்குப் பின்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் முடிகிற நேரத்தில் வெளியே வந்து, கார்க் கதவைத் திறந்தாள்.

"வாங்கப்பா. ஓட்டு எடுத்துட்டோம். இனிமே கடைசில முடிவு சொல்லுற நேரம் ஒன்னு இருக்கும். தெரிய வேணாம்னு நெனைக்கிறவங்க வெளிய போய் தே குடிக்கலாம். தெரியணும்னு நெனைக்கிறவங்க உக்காரலாம். சொல்லுறது நீங்கதான்."

"நீ உக்காருவியா, வெளிய போவியா?"

"நான் வெளிய போவேன்," என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். இறங்கியபோது என் கால்கள் லேசாக இருந்தன.

அன்று பறக்கும் படகின் முடிவைச் சொன்னேன். தே தண்ணிக்காரருக்கு நல்ல வியாபாரம் ஆகும் என்று நினைத்தோம். போனது கொஞ்சப் பேர்தான். போன மாதம் கத்திய பையன் வெளியே போய், ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்று குடித்தான். "போதும்லா" என்று இந்த முறை கத்தவில்லை.

இப்போது மகள் ஐந்தாம் படிவம். பெரிய பரீட்சை நெருங்கிவிட்டது. போன வாரம் ராசாவில் டியூஷன் முடிந்து அவளை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, ரெண்டாவது பாகம் முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு."

"புலி?"

"நீ வெளிய போற ஆளாச்சே."

"பரீட்ச முடியிற வரைக்கும் படிக்க டைம் இல்லப்பா. தெரியாம இருக்கவும் முடியல. சொல்லுங்க."

"முழுசாவா?"

"முழுசா. முடிவு வரைக்கும்."

மழைக்காக மெதுவாகத்தான் ஓட்டினேன். சொன்னேன். இடையில் இரண்டு இடத்தில் "அப்பறம், அப்பறம்" என்று தொடையில் தட்டினாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதும் கதை பாக்கியிருந்தது. அவள் இறங்கவில்லை. பெல்ட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து கேட்டாள். மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, கண்ணாடியில் எட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனாள்.

அந்த முடிவை இங்கே எழுதினால் மகள் அடித்துவிடுவாள். இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்களாம். தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் சனிக்கிழமை ராசாவுக்கு வாருங்கள், உட்கார்ந்தே கேட்கலாம்.

வருடக் கடைசியில் கூட்டத்தில் பேசியதையெல்லாம் தொகுக்கிறார்கள். அதில் இதையும் போட எழுதிக் கொடுங்கள் என்று அவள் பல மாதமாகக் கேட்டாள். கூச்சத்தால் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்று வேலை இல்லை, மழையும் இல்லை, சாக்குச் சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.