எட்டு மணிக் கேள்வி

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது காலை நேரம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தே பழகியவன். எடமலைப்பட்டி புதூர் வீட்டிலும் மேஜை இருந்தது, அதன் மேல் ஒன்றும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவள் ஒரே அக்கா, தொட்டியத்தில் தனியாக இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போனில் பேசிக்கொள்வோம், அதுவும் இரண்டு நிமிஷம். ஆகவே மேஜையை நிரப்ப ஒரு கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்தேன். பேப்பர் படிக்க, செஸ் ஆட என்று கேட்டவர்களிடம் சொன்னேன். கேட்டவர் பால்காரர் ஒருவர்தான்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் ஒரு வீட்டில் பழசு ஒன்று விலைக்கு இருப்பதாகத் தெரிந்து போனேன். அப்பா காலமாகி, வீட்டைக் காலி செய்ய வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள்தான் கொடுத்தாள். "உள்ள இருக்கறதெல்லாம் அப்பாவோடது. அழிச்சுட்டு உபயோகப்படுத்திக்கோங்கோ" என்றாள். மானிட்டரை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தாள். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, சிபியூவைக் காலால் அணைத்தபடி காவிரிப் பாலம் தாண்டி வந்தேன். சிபியூவின் முகப்பில் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் வருஷா வருஷம் வைத்துக் காய்ந்து கிடந்தன. மாதா படத்துக்குக் கீழே அதை வைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. துடைக்கத்தான் மனம் வரவில்லை.

ஆன் செய்தால் ஆமை. பட்டனை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். தேதியும் தப்பு. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பழைய வருஷத்து ஜனவரி முதல் தேதியைக் காட்டியது. உள்ளே இருக்கும் வட்டமான சின்ன பேட்டரி செத்திருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு நானே மூடியைத் திறந்தேன். தூசி, இரண்டு பல்லி முட்டை, நடுவில் அந்த பேட்டரி. வாட்ச் கடையில் அதே அளவில் ஒன்று கிடைத்தது. மாற்றிவிட்டு மணியைச் சரி செய்தேன். அன்று எனக்கு வந்த கர்வம் ஆபீசில் பிரமோஷன் கிடைத்த அன்றுகூட வந்ததில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டிங் என்று ஒரு சத்தம். திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. "அப்பா, மாத்திரை போட்டுண்டேளா?" கீழே இரண்டு பட்டன்கள்: 'ஆச்சு', 'அப்புறம்'.

மகள் எப்போதோ செய்து வைத்துவிட்டுப் போனது. கடிகாரம் கெட்டதிலிருந்து கேட்காமல் கிடந்திருக்கிறது. எனக்கும் காலையில் ஒரு பிபி மாத்திரை உண்டு, இரண்டு வருஷமாக. போட்டாயா என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் 'போட்டுண்டேளா' என்று பேசியதும் இல்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போலக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு 'ஆச்சு'வை அழுத்தினேன்.

ஒரு வாரத்தில் "ஆச்சும்மா" என்று வாய்விட்டே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். 'அப்புறம்' என்பதை அழுத்தினால் பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்கும். மாத்திரை வயிற்றுக்குள் போன பிறகும் 'அப்புறம்' அழுத்தினேன். சில நாள் ஒன்பது மணி வரை கேட்க வைத்திருக்கிறேன். வெட்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஹார்டு டிஸ்க் போகப் போகிறது, அதற்குப் பதில் எஸ்எஸ்டி போட்டு, ராம் மெமரியையும் கூட்டினால் பறக்கும் என்றார். பழசில் இருப்பதை அப்படியே புதிதில் ஏற்ற முடியுமா என்று கேட்டேன்.

"ஏத்தலாம் சார். ஆனா அந்தக் குப்பையெல்லாம் எதுக்கு? ஃப்ரெஷ்ஷா போட்டாத்தான் நல்லா ஓடும். முக்கியமா ஏதாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்? யார் வீட்டுப் பெண்ணோ தன் அப்பாவைக் கேட்ட கேள்வியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்தக் கடையில் நின்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அந்தப் பெண் சொன்னபடியே பழையதை அழித்துவிடவும் சொன்னேன்.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. நிஜமாகவே பறந்தது, காபி போட நேரமில்லை. முகப்பில் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. மனிதர் நல்லெண்ணத்தில் பளபளவென்று துடைத்துக் கொடுத்திருந்தார். மறுநாள் ஏழே முக்காலுக்கே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எதுவும் வராது என்று தெரியும். எட்டு அடித்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். நானே ஒரு நினைவூட்டல் செய்து வைக்கலாமென்று அதே வரியைத் தட்டினேன். என்னை நானே கேட்டுக்கொள்வது பைத்தியக்காரத்தனமாகத் தோன்ற, அழித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். பண்டிகை எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. யாருக்கு என்ன ஆச்சு என்று எடுத்ததுமே பதறினாள்.

"ஒண்ணும் இல்லக்கா. மாத்திரை போட்டியான்னு கேக்கத்தான்."

"எனக்கு ஏதுடா மாத்திரை? நான் ஒண்ணும் போடறதில்லையே."

அதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு இருக்கிறது, பிபிக்கு, இரண்டு வருஷமாக என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், நீ கேட்டால்தானே என்று பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். நானும் இத்தனை வருஷம் எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"இன்னிக்குப் போட்டியா?" என்றாள்.

மாத்திரை உள்ளே போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"இல்லக்கா. அப்புறம் போடணும்."

"போட்டுட்டு போன் பண்ணு. பண்ணலேன்னா பத்து நிமிஷத்துல நானே பண்ணுவேன்."

நான் பண்ணவில்லை. போனை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.