கைப்பிடியில் வைத்த காது

ராமேஸ்வரம் தீவுல நான் கை வைக்காத விசைப்படகு இன்ஜின் இருந்தா காட்டுங்க. முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்ச்சவன், அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன். இன்னைக்குத் தங்கச்சிமடத்துல சொந்த ஷெட்டு. இந்த வேலைக்குப் புதுசா வர்ற தம்பிகளுக்காக எழுதறேன். பெருமை இதோட சரி.

என் தொழிலே காதுலதான் இருந்துச்சு. நீளமான ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஓடுற இன்ஜின்ல வச்சு, கைப்பிடியைக் காதுல அழுத்துவேன். பேரிங்கா, வால்வான்னு சத்தமே சொல்லிரும். நான் குனிஞ்சா போட்டுல ஒருத்தரும் பேச மாட்டாங்க. அவ்வளவு மரியாதை.

போன வருஷம் காது மந்தமாயிருச்சு. நரம்பு தளர்ந்துருச்சு, இனிமே திரும்பாதுன்னுட்டார் டாக்டர். வெளிய சொல்லல. காது மெஷினைச் சட்டைப்பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். மக உச்சிப்புளியில ஒரு மூச்சுப் பயிற்சிக்கு இழுத்துட்டுப் போனா. "வந்ததை விரட்டாம பாருங்க, இருக்கிறதுக்கு நன்றி சொல்லுங்க"ன்னாங்க அங்கன. காது போனதுக்கா நன்றின்னு சிரிச்சுட்டு வந்துட்டேன்.

அப்புறம் ஒரு நாள், அந்தோணியோட போட்டு கடலுக்குக் கிளம்பி நிக்குது. ஐஸ் ஏத்தியாச்சு. டிரைவர் ஆரோக்கியம் ஓடி வந்தான். "அண்ணே, அடியில என்னமோ தட்டுது. ஒருவாட்டி காது குடுங்க."

குனிஞ்சேன். வலை அடுக்கினவங்ககூட கையை நிறுத்திட்டாங்க. எனக்கு வெறும் இரைச்சல். ஒண்ணையும் பிரிக்க முடியல.

'நல்லாத்தான் இருக்கு, கிளம்புங்க'ன்னு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. நடுக்கடல்ல இன்ஜின் நின்னா போட்டு எல்லைக்கோடு தாண்டி இலங்கைப் பக்கம் ஒதுங்கிரும். உள்ள இருக்கிறவங்க அஞ்சு பேரு. மூஞ்சி தீயா எரிஞ்சுது. அப்பத்தான் உச்சிப்புளிப் பாடம் ஞாபகம் வந்துச்சு. வெக்கம் நெஞ்சுல வந்து உக்காந்திருந்துச்சு. உக்காரட்டும்னு விட்டுட்டு மூச்சு வர்றதையும் போறதையும் பார்த்தேன்.

"ஏலே ஆரோக்கியம், எனக்குக் காது கேக்கலடா. நீ வச்சுப் பாரு."

இன்ஜின் சத்தத்துலயும் எல்லாருக்கும் கேட்டுருச்சு. செவிடன் கத்தித்தானே பேசுவான்.

அந்தோணி எகிறிட்டார். "ஐஸ் ஏத்துறதுக்கு முந்தி வாய் இல்லையாக்கும்? அப்ப போன மாசம் குனிஞ்சு கேட்டீரே, அது என்ன நடிப்பா?"

நடிப்புத்தான்.

எங்கன வைக்கணும், என்ன மாதிரித் தட்டும்னு ஆரோக்கியத்துக்குச் சொன்னேன். "மூணாவது சிலிண்டர்லண்ணே, டொக்கு டொக்குங்குது." நிறுத்திக் கழட்டினோம். கனெக்டிங் ராடு பேரிங் தேஞ்சு தகடாயிருந்துச்சு. அன்னைக்குக் கடலுக்குப் போறதும் போச்சு, ஐஸும் உருகிருச்சு. திட்டிட்டுப் போன அந்தோணி சாயங்காலம் திரும்பி வந்து, அந்தப் பேரிங்கைக் கையில வாங்கிப் பார்த்தார்.

இப்ப மெஷின் காதுலதான் இருக்கு. ஸ்க்ரூ டிரைவரை அந்தந்தப் போட்டு டிரைவரே பிடிக்கிறான், நான் இடத்தைக் காட்டறேன். யாராவது குனிஞ்சா இன்னமும் எல்லாரும் பேச்சை நிறுத்துறாங்க. அப்பல்லாம் வெக்கம் வருது. மூச்சைப் பார்க்கிறேன். காது போச்சு, அந்த அஞ்சு பேரும் வீட்டுல சோறு சாப்பிட்டாங்க. அதுக்கு நன்றி சொல்ல இப்ப எனக்கு வாய் வருது.

தம்பிகளா, கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லிருங்க. போட்டுக் கயித்தை அவுக்கிறதுக்கு முந்திச் சொல்லிருங்க.