முப்பது வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லை

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைக்கத்தான் செய்தார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே அது காணாமல் போய்விட்டது. எல்லோருக்கும் அவர் ஸ்டாண்டு அண்ணன். மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் எவன் எந்தத் தெருவில் போனாலும் அவர் கண்ணுக்குத் தப்ப முடியாது. எதிர்ப்பக்கம் போகிறவனாக இருந்தாலும் சரி, கழுத்தைத் திருப்பி, "தம்பி, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று அடித்தொண்டையில் கத்துவார். நன்றி சொல்கிறவர்கள் பத்துக்கு இரண்டு பேர். மற்றவர்கள் காலால் தட்டி ஸ்டாண்டை மடக்கிவிட்டு, தாங்களே கண்டுபிடித்த மாதிரி முறுக்கிக்கொண்டு போவார்கள். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஊரில் இத்தனை பேர் தப்பாக ஓட்டுகிறார்கள் என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம்.

கத்துவதோடு விட மாட்டார். பட்டப்பகலில் முன்விளக்கு எரிய வருகிறவனுக்கும், திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்க மறந்து வருகிறவனுக்கும் கையைத் தூக்கி, விரல்களை விரித்து மூடி விரித்து மூடிக் காட்டுவார். இரண்டு சக்கரக்காரர்களுக்குள் இது ஒரு பாஷை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கார்காரனுக்கு இந்தக் கவலை கிடையாது. ஸ்டியரிங் நேரானதும் அவனுடைய இண்டிகேட்டர் தானாக அணைந்துவிடும். மோட்டார் சைக்கிள்காரன் தன் கட்டைவிரலால்தான் அணைக்க வேண்டும்.

வேலை என்னவென்றால், பல். பல் செட் செய்கிற லேப் ஒன்றில் டெலிவரி. காலையில் பல் டாக்டர்களிடம் போய் நோயாளிகள் கடித்துக் கொடுத்த அச்சுகளை வாங்கி வர வேண்டும். மதியம் முடிந்த பற்களைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிளினிக். மழையில் பேன்ட் நனைந்து தொடையோடு ஒட்டிக்கொள்ளும், பஸ் அடிக்கிற சேற்றுத் தண்ணீர் ஷூவுக்குள் இறங்கும், ஹெல்மெட்டுக்குள் வியர்வை ஊறி முடி கொட்டும், சாயங்காலம் இடுப்பு கழன்று தனியாக நிற்கும். இதெல்லாம் ஆகியும் முப்பது வருடத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. லேப் நடத்துகிற முதலாளியம்மா, புதிதாக ஓட்ட வருகிற எவனையும் முதலில் அவர் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார். "இவரப் பாத்துக் கத்துக்க" என்பார். அதோடு இன்னொன்றும் சொல்வார்: "ஆக்சிடெண்ட்ல தப்பு உம்மேலன்னு பேர் அடிபட்டா அன்னையோட வண்டிய விட்டுடணும். உள்ள உக்காந்து டப்பாவுக்கு லேபிள் ஒட்டு." சொன்ன மாதிரியே இரண்டு பேரை உள்ளே உட்கார வைத்திருந்தார். ஸ்டாண்டு அண்ணன் அவர்களைக் கடந்து போகும்போதெல்லாம் உச்சுக் கொட்டுவார். அந்த உச்சில் இரக்கத்தைவிட இனிப்புதான் அதிகம் என்பது லேபிள் ஒட்டுகிற இருவருக்கும் தெரியும்.

அவருடைய வண்டி இண்டிகேட்டர் போட்டால் கீக் கீக் என்று கத்தும். அணைக்க மறக்கக்கூடாது என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அதன் ஒயரைத் தானே பிடுங்கி விட்டார். "மறக்கிறவனுக்குத்தான் அது வேணும்" என்று மனைவியிடம் சொன்னார். அவர் பேச்சுக்கு அவள் பதில் சொல்வதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு கிளினிக்கில் மேல்பல் செட்டுக்குப் பதில் கீழ்ப்பல் செட் வந்திருக்கிறது என்று டாக்டர் அவரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். செய்தது லேப். வாங்கிக் கட்டிக்கொண்டது இவர். முகம் கடுகடுவென்று வண்டியை எடுத்து, சந்திலிருந்து இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு மெயின் ரோட்டில் ஏறினார். ஏறியவர் டாக்டருக்கு மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டே போனார். கட்டைவிரல் தன் வேலையை மறந்துவிட்டது.

எதிரே கேஸ் சிலிண்டர் கட்டிய வண்டியில் தடித்த ஆள் ஒருவர் வந்தார். இவரைப் பார்த்துக் கையைத் தூக்கி விரலை விரித்து மூடிக் காட்டினார். ஸ்டாண்டு அண்ணனுக்குச் சுருக்கென்றது. எனக்கா? குனிந்து முன்விளக்கைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. 'வேலையத்தவன்' என்று முணுமுணுத்துவிட்டு நேராகப் போனார். இண்டிகேட்டரைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஆயிரம் பேருக்குத் தான் காட்டிய சைகையைத் தனக்கு ஒருவன் காட்டுவான் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

இருநூறு அடி தள்ளி, இடப்பக்கத் தெருவின் வாயில் ஒரு பெண் ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றிக் காத்துக்கொண்டிருந்தாள். இவர் வண்டியில் இடது விளக்கு மின்னுவதைப் பார்த்தாள். இவர் தன் தெருவுக்குள்தான் திரும்பப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறினாள். இவர் திரும்பவில்லை. பிரேக்கை இறுக்கியும் இவருடைய முன்சக்கரம் அவள் ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் போய் மோதியது. இவர் தடுமாறிக் காலை ஊன்றி நின்றுவிட்டார். அவள் விழுந்து, ஸ்கூட்டர் அவள் முழங்கால் மேல் விழுந்தது.

"கண்ண எங்க வச்சுட்டும்மா வர்ற?" இவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்.

பழக்கடைக்காரர் ஓடி வந்தார். இன்னும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "அந்தம்மா பாக்காம ஏறிட்டாங்க, சார் மேல தப்பே இல்ல, நான் பாத்துட்டேதான் இருந்தேன்" என்றார் பழக்கடைக்காரர். அவர் அப்போது குனிந்து தர்பூசணி அடுக்கிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். கூட்டத்தில் ஒருவர், "லேடீஸ் வண்டின்னாலே இப்படித்தான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். விழுந்து கிடக்கிறவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மட்டும் ஊரில் எப்போதும் ஆள் பஞ்சம் கிடையாது.

ஸ்டாண்டு அண்ணன் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். அப்போதுதான் ஹேண்டில்பாருக்கு நடுவே இண்டிகேட்டர் எரிவதைக் காட்டும் பச்சை அம்புக்குறி மின்னி மின்னி அணைவதைப் பார்த்தார். அவர் யோசிக்கவே இல்லை. கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தி அதை அணைத்தது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளை வாடகை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். வழியெல்லாம் அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைக் கேட்டாள். "அண்ணே, என் போனை எடுங்க. மூணாவது வீட்டுத் தாத்தாவ பதினோரு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லன்னா முதுகு புண்ணாயிரும். அவங்க வீட்டுல யாருக்கும் தூக்கத் தெரியாது." படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, கட்டுப் போட்டுவிட்டு வருவது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஊரின் ஆறு மூலை. ஸ்கூட்டர் இல்லாமல் அது நடக்காது. முப்பத்தெட்டு வயதில், வேண்டாம் வேண்டாம் என்ற கணவனிடம் ஒரு வருடம் சண்டை போட்டுத்தான் ஓட்டக் கற்றிருந்தாள்.

போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் கிடந்தபடியே அவள், "அவரு இண்டிகேட்டர் போட்டிருந்தாரு சார். உள்ள திரும்புறாருன்னு நெனச்சுதான் ஏறினேன்" என்றாள். போலீஸ்காரர் இவர் பக்கம் திரும்பினார். "போட்டிருந்தீங்களா?"

"இல்ல சார்" என்றார் இவர். இருமலை அடக்க முடியாத மாதிரி அது வெளியே வந்துவிட்டது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். ஒரு நிமிட வேலை.

மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது. தூக்கமும் வந்தது. ஆனால் ரோட்டில் யாரைப் பார்த்தும் கத்த வாய் வரவில்லை. இண்டிகேட்டர் போட்டால் அணைத்துவிட்டோமா என்று மூன்று தரம் தொட்டுப் பார்த்தார். லேபிள் ஒட்டுகிற இருவரையும் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். முதலாளியம்மாவோ, "எவளோ வந்து மோதினாலும் எங்க ஆளு விழல பாத்தீங்களா" என்று டாக்டர்களிடம் போனில் பெருமை அடித்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். லேபிள் ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகிறேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினார். போகிற வழியில் ஹெல்மெட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். 'விளக்கு எரிஞ்சுதும்மா. நான்தான் மறந்துட்டேன்.' நாலு வார்த்தைதான். ஹெல்மெட்டுக்குள் நன்றாகத்தான் வந்தது.

இரண்டாம் மாடியில் சின்ன வீடு. கதவைத் திறந்த கணவர், கிடங்கு ஒன்றில் கணக்கர், இவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், வாங்க. உங்கள மாதிரி யாரு செய்வா? தப்பு இவ மேல, ஆனா நீங்க ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டுப் போனீங்க." நல்ல நாற்காலியைத் தூக்கிப் போட்டுத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். அவள் ஜன்னலோரக் கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் வீடுகளின் பெயரும் நேரமும் எழுதிய அவளுடைய நோட்டு கிடந்தது. நாலு வீட்டை அடித்திருந்தாள். இரண்டு மிச்சம் இருந்தது.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள் அவள். "கட்டுப் பிரிச்சதும் வந்துடறேன்னு ரெண்டு வீட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன். இவரு சாவியத் தர மாட்டேங்குறாரு."

"எப்படித் தர்றது?" என்றார் கணவர். "மூணு வாரமா சொன்னதையே சொல்றா சார். விளக்கு எரிஞ்சுது, விளக்கு எரிஞ்சுதுன்னு. இல்லாததப் பாக்கறவ கையில வண்டியக் குடுத்தா அடுத்த தடவ பொணமாத்தான் வருவா. சரி, நான் ஒண்ணு சொல்றேன். சார் முப்பது வருஷமா ஓட்டறவரு. ஒரு கீறல் கிடையாதுன்னு அவங்க ஆபீஸ்லயே சொன்னாங்க, நான் போன் போட்டு விசாரிச்சேன். சார் வாயால விளக்கு எரிஞ்சுதுன்னு சொல்லட்டும். சாவிய இப்பவே இவ கையில தர்றேன்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். சாவி உள்ளே கிணுங்கியது.

அவள் இவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். அவள் அப்படிப் பார்க்கவில்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி பார்த்தாள். "எரிஞ்சுதுதானே அண்ணே? நான் நல்லாப் பாத்தேன். மஞ்சளா."

இவர் வாயைத் திறந்தார். முதலாளியம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. லேபிள் ஒட்டுகிற இருவரும் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்து உச்சுக் கொட்டுவது வந்தது. போலீஸ்காரரிடம் முதலில் ஏன் இல்லையென்றாய் என்ற கேள்வி வந்தது. இதோ இந்தக் கணவர், இப்போது பிடித்த அதே கையால் சட்டையைப் பிடிப்பார் என்பதும் வந்தது. எல்லாம் ஒரு மூச்சு நேரத்துக்குள் வந்து போயின.

"இல்லம்மா" என்றார். "எரியல."

கணவர் மனைவியைப் பார்த்து, கேட்டுக்கொண்டாயா என்பது போலக் கையை விரித்தார். பிறகு பாவமாகவும் இருந்திருக்க வேண்டும், பழத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

அவள் நோட்டை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு வீட்டையும் பேனாவால் அடித்தாள். அழவில்லை. இத்தனை நாள் தன் கண் பார்த்ததையே பிடித்துக்கொண்டு நின்றவள், இப்போது அதைக் கைவிட்டாள். அந்த நம்பிக்கையைப் பிடுங்கியது தான்தான் என்பது நாற்காலியில் இருந்தவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணே" என்றாள். "உங்க மேல போய் போலீஸ்ல சொல்லிட்டேன். நல்ல மனுசன். வேற யாராவதா இருந்தா வீட்டுப் பக்கம் வந்திருப்பாங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கணவர்கூட அறையில் இல்லை. ஆனால் முப்பது வருடப் பழக்கம் அவர் வாயைத் தன் பாட்டுக்குத் திறந்தது.

"பரவாயில்லம்மா" என்றார். "அவசரப்படக் கூடாது. மெயின் ரோட்டுல ஏறும்போது எப்பவும் ரெண்டு தடவ பாக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். "சரிங்க அண்ணே" என்றாள்.