மத்தியானத் தண்ணீர்

எனக்குச் சூடு புதிதில்லை. முப்பத்து மூன்று வருஷம் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, தொழிற்சாலை உலைக்கு முன்னால் நின்று சம்பாதித்தவன் நான். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வெளியே எடுத்து, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கிப் பதம் ஏற்றுகிற பிரிவு. அதனால் திருச்சி வெயிலைப் பற்றி யாராவது புலம்பினால் எனக்குச் சிரிப்பு வரும். 'இதெல்லாம் ஒரு சூடாய்யா' என்பேன். அந்தத் திமிர் ஒரு மல்லிகைச் செடியிடம்தான் அடங்கியது.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, எடமலைப்பட்டி புதூரில் கட்டியிருந்த வீட்டுக்கு வந்தோம். வீட்டைச் சுற்றி மண் என்பதே கிடையாது. கார் நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சிமெண்ட் போட்டு மூடியது நான்தான். கார் இன்றுவரை வாங்கவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் என் மனைவி வளர்த்த குண்டுமல்லிப் புதர் ஒன்று இருந்தது. முப்பது வருஷம் அவள் தலையில் வைத்த பூவெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். எனக்கும் அது வசதியாகப் போயிற்று, பூக்கடைப் பக்கமே போகவேண்டிய அவசியம் வரவில்லை. காலி செய்வதற்கு முன்பே அவள் அந்தப் புதரின் ஒரு கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டு, வேர் விட்டதும் வெட்டித் தொட்டியில் வைத்திருந்தாள். லாரியில் பீரோவைவிட அந்தத் தொட்டிக்குத்தான் மரியாதை. புது வீட்டில் அதற்கு மொட்டை மாடி ஒன்றுதான் இடம்.

அடுத்த பங்குனியில், பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளின் பிரசவத்துக்காக மனைவி மூன்று மாதம் போகவேண்டி வந்தது. ஜங்ஷனில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"மாப்பிள்ளை பக்கத்திலேயே ஒரு போர்ஷன் பாத்து வச்சிருக்காராம். நானும் யோசிச்சேன். மாடியில மல்லி பூத்துச்சுன்னா இங்கேயே இருந்துடலாங்க. காஞ்சு போச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு அங்க போயிடலாம். ஒரு செடி நிக்காத எடத்துல நமக்கு என்ன வேலை?"

"சரி, போயிட்டு வா" என்றேன். பெங்களூரில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, பாஷை தெரியாத பார்க்கில் வட்டம் போட்டு நடக்கிற என்னை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிக்க நாலு பேர் இல்லாத ஊரில் நான் என்ன செய்வேன்? என் மிச்ச வாழ்க்கை அந்தத் தொட்டிக்குள் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, முதல் நாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். மல்லிக்குத் துணையாக இருக்கட்டும் என்று நர்சரிக்குப் போய், கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் வாங்கிவந்தேன். பெரிய பெரிய ரோஜா, மலைப்பிரதேசத்துப் பெரணி, பேர் தெரியாத ஊதாப் பூ. இரண்டே வாரத்தில் எல்லாம் சருகு. போகட்டும், மல்லி இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் அதுவும் மத்தியானம் ஆனால் இலையைத் தொங்கப் போட்டது. பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

அங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. சூடேறிய பொருளை உடனே குளிர்விக்கவேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறியது. மாடிக் குழாயில் ரப்பர் ஓஸைச் செருகி, உச்சி வெயிலில், தலையோடு மல்லியை நனைத்தேன். தினமும் ஒரு மணிக்குத் தவறாமல். அது மேலும் வாடியது. நான் மேலும் ஊற்றினேன். பத்தாவது நாள் இலையெல்லாம் பழுப்பேறிக் கொட்டி, நாலு குச்சிதான் நின்றது.

அன்றைக்குச் செருப்பை மறந்து மாடிக்கு வந்திருந்தேன். தளம் காலைச் சுட்டது. ஓஸைத் திருப்பிக் காலில் பிடித்தேன். ஐயோ என்று கத்திவிட்டேன். தண்ணீர் கொதித்தது. கறுப்பு டேங்கும் காலையிலிருந்து வெயிலில் கிடந்த ஓஸும் சேர்ந்து காய்ச்சிய தண்ணீர். பத்து நாளாக நான் செடிக்கு வெந்நீர் ஊற்றியிருக்கிறேன். முக்குவதற்கு முன்னால் தண்ணீரின் சூட்டைப் பார் என்பது எங்கள் பிரிவில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கால் எரிய எரிய அந்தக் குச்சிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவமானமாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி வீடியோவில் வருவாள். "மல்லி பூத்துச்சாங்க?" என்பாள். அன்றைக்கும் கேட்டாள்.

"பூத்துச்சே" என்றேன்.

சொன்ன வாய்க்குச் சாட்சி வேண்டுமே. மறுநாளிலிருந்து கடைத்தெருப் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் மல்லி வாங்கிவந்து, ஆறு மணிக்கு உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இன்னிக்குப் பறிச்சது." அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் பாத்துக்கறீங்க" என்றாள்.

பொய்யை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? இந்த ஊர் வெயிலில் எது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் ஒரு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். நாய்கூட நிழலில் படுத்திருக்கிற நேரம். மதுரை ரோட்டின் நடுத் தடுப்பில் காகிதப்பூ கொத்துக் கொத்தாக நின்றது. இரண்டு பக்கமும் லாரி அனல், கீழே தார், தண்ணீர் லாரி எப்போதாவது வந்தால் உண்டு. அதன் சிவப்பைப் பார்க்கக் கண் கூசியது. பக்கத்தில் அரளி. பஸ் ஸ்டாப் சுவரின் வெடிப்பில், கையளவு மண்கூட இல்லாத இடத்தில், நித்தியகல்யாணி ஊதாவாகச் சிரித்துக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக இந்த ரோட்டில் போகிறேன், ஒரு நாளாவது பார்த்தேனா?

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அங்கே காற்றே இல்லாத புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டு இரும்புக் கேட்டுக்கு மேலாக ஒற்றைச் செம்பருத்தி எட்டிப் பார்த்தது. இலை லேசாகத் தொங்கியிருந்தது. எட்டித் தொடப்போனபோது முழங்கை கேட்டில் பட்டுச் சுரீரென்றது. அதே வெயிலில், அரை அடி தள்ளி இருந்த இலை சில்லென்று இருந்தது. மறுபடி கேட்டைத் தொட்டேன், இலையைத் தொட்டேன். மயிர்க்கூச்செறிந்தது. உலைக்கு முன்னால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நாங்கள் ஒரு நிமிஷம் நிற்கமாட்டோம். காகிதம்போல இருக்கிற இந்த இலை, வேரிலிருந்து தண்ணீரை ஏற்றி ஏற்றித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டு வெறுமனே நிற்கிறது. சத்தமில்லை, புகையில்லை.

அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்துவிட்டார். "யாரு நீங்க? இந்த வெயில்ல எங்காத்துச் செடியைத் தொட்டுண்டு நிக்கறேளே?"

"ஒண்ணுமில்லம்மா. இலை சில்லுன்னு இருக்கு."

"இருக்கட்டுமே. பெருமாள் அதை அப்படி வெச்சிருக்கார்."

"மத்தியானம் தண்ணி ஊத்துவீங்களா?"

"மத்தியானம் நாங்களே வெளியில தலைகாட்ட மாட்டோம். அதுக்கு எங்கேர்ந்து விடறது? காலம்பற விட்டதோட சரி." சிரித்தபடியே, நட்டு வைக்கச் சொல்லி இரண்டு குச்சி ஒடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் திரும்பும்போது அதே வழியாக வந்தேன். அந்தச் செம்பருத்தியில் தொங்கிய இலையெல்லாம் நிமிர்ந்திருந்தது. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. நம் கடைக்காரர்கள் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கிற மாதிரிதான் அது. மல்லி வாடியது என்று நான் பதறியதெல்லாம் அதன் ஓய்வு நேரம். அதை எழுப்பி எழுப்பி வெந்நீர் ஊற்றியிருக்கிறேன் பாவி.

அதற்குப் பிறகு வேலையை மாற்றினேன். விடிந்ததும், ராத்திரியே பிடித்து நிழலில் வைத்திருந்த வாளித் தண்ணீர்தான் தொட்டிகளுக்கு. தொட்டிகளுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்து, மண்மேல் தேங்காய் மட்டையைப் பிய்த்துப் பரப்பினேன். புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்காமல் காற்றோட்டமாகத் தள்ளித் தள்ளி வைத்தேன். நர்சரிக்கு மறுபடி போனபோது அழகைக் கேட்கவில்லை. ரோட்டில் நின்றதை மட்டும் கேட்டேன். காகிதப்பூ, அரளி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி, சங்குப்பூக் கொடி. பத்துமணிப்பூத் தண்டைக் கிள்ளி மண்ணில் செருகினால் போதும், வெயில் ஏறினால்தான் அது கண்ணே திறக்கும். அக்னி நட்சத்திரத்தில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது, மாடியில் அது அத்தனையும் விரிந்து கிடக்கும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன். அடேயப்பா என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது.

மல்லியின் காய்ந்த நுனிகளை வெட்டிவிட்டு அதைச் சும்மா விட்டேன். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. ஒரு காலையில் கணுவில் கடுகளவு பச்சை. வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது. இத்தனை நாள் எந்த வெயிலுக்குப் பயந்து அதை நனைத்தேனோ, அந்த வெயிலைக் குடித்துத்தான் அது தளிர்த்தது. அவள் திரும்பி வருவதற்கு முதல் நாள், மூன்று மொட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வீடியோவில் நான் காட்டியது தினமும் ஒரு முழம். வந்ததும் வராததுமாக அவள் மாடி ஏறினாள். பூத்துக் கிடந்த தொட்டிகளையெல்லாம் தாண்டி, முழங்கால் உயரம்கூட இல்லாத மல்லிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதுலதான் தினம் ஒரு முழம் பறிச்சீங்களா?"

வெந்நீர், பூக்காரம்மா, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"மொத நாளே தெரியுங்க. எந்தச் செடியில நாரு போட்டுக் கட்டின பூ பூக்கும்?"

எனக்குப் பூக்கட்டத் தெரியாது என்பதுகூட எனக்கு நினைவில்லாமல் போயிருந்தது. தலை குனிந்து நின்றேன்.

"தெரிஞ்சும் ஏன் தினமும் கேட்டே?"

அவள் மொட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பது வருஷத்துல நீங்க எனக்குன்னு ஒரு முழம் பூ வாங்கினதில்ல. கேக்கறதை நிறுத்தினா வாங்கறதையும் நிறுத்திடுவீங்களே."

நான் பயந்துகொண்டே கேட்டேன். "அந்த போர்ஷன்?"

"வேணாம்னு போன மாசமே சொல்லிட்டேன்."

மணி ஆறு ஆகியிருந்தது. மூன்று மொட்டும் எந்த நேரமும் விரியத் தயாராக இருந்தன. நான் பறிக்கக் கை நீட்டினேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இது செடியிலேயே இருக்கட்டும். நீங்க போய் எனக்கு ஒரு முழம் வாங்கிட்டு வாங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.