கல் வீரனின் வேட்டி

மேஜைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்காக, கட்டைவிரல் அளவுப் பல்லவ வீரன் பொம்மைக்கு வண்ணம் பூச உட்கார்ந்தேன். பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் நாற்றம் என்னை மாமல்லபுரத்துக்கு இழுத்துப்போனது. அங்கே பத்து வயதில், சிற்பியான பெரியப்பா விற்கச் செதுக்கிய கல் வீரனின் வேட்டிக்குப் படகு பெயிண்டால் சிவப்பு அடித்துவிட்டேன்.

"கல்லுக்கு எவளாவது பெயிண்டடிப்பாளாடி?" என்று கை ஓங்கினார்.

"அப்ப அவன் வேட்டி இன்னா கலரு, பெரியப்பா?"

ஓங்கிய கை நின்றது. மறுநாள் இருவரும் கோயில் சுவரில் இருந்த வீரர்களின் இடுப்பை உற்று உற்றுப் பார்த்தோம். நிறம் எதுவும் இல்லை, பாசிதான் இருந்தது.

"இத்தினி வருசமா செதுக்கிகினு கீறேன், எனக்கே தெர்ல. சனியனே, இப்ப எனக்கும் மண்டை கொடையுது" என்றார்.

இன்று என்னோடு ஆடும் நண்பன், "சிவப்புக்கு இன்னா ஆதாரம் கீது?" என்கிறான். ஒன்றும் இல்லை. சிவப்புதான் பூசுகிறேன். தப்பு என்பவன் சரியான நிறத்தைக் கண்டுபிடித்து வரட்டும். கண்டுபிடித்ததும் அவன் அதைப் பெரியப்பாவிடமும் போய்ச் சொல்ல வேண்டும்.