மாமாவுக்கு அம்மா கட்டிய பார்சல்

படகில் போனால் என்ன என்று எனக்குத் தோன்றியபோது, பெசன்ட் நகர் மயானத்து வாசலில், புது மொட்டையில் வெயில் சுள்ளென்று இறங்க, மாமாவின் அஸ்திக் கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கலயம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முந்தின நாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அப்படியே நாற்காலியிலேயே போய்விட்டார். கொள்ளி வைத்தது நான்.

அம்மா கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவனும் திரும்பி வந்துருவானாடா?" என்றாள்.

எனக்குப் புரிந்தது. பல வருடத்துக்கு முன் தாத்தாவின் அஸ்தியை இதே பெசன்ட் நகர் கடற்கரையில்தான் விட்டார்கள். மூன்று முறை எறிந்தும் மூன்று முறையும் அலை கலயத்தைக் கரைக்கே தள்ளியது. கடைசியில், விட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு எல்லாரும் வேகமாக நடந்துவிட்டார்கள். அம்மா மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டாள். கலயம் பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது. அன்றோடு அவள் அந்தக் கடற்கரைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். "பெரியவருக்கு பஜ்ஜின்னா உசுரு, அதான் எறங்கிட்டாரு" என்று மாமா அவளைக் கிண்டல் பண்ணுவார். அவள் சிரித்ததே இல்லை.

"வரமாட்டாரும்மா. அலையைத் தாண்டிப் போய் விடுவோம். படகுல."

சொல்லும்போதே போன் கையில் இருந்தது. மத்தியானத்துக்குள் காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்குக் கடல் ஏற்றம், எத்தனை மணிக்கு வற்றம் எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவன் என் மச்சானைக் கரைக்கப் போறானா, ராக்கெட் விடப் போறானா?"

ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் அன்று இரவு காம்பவுண்டு ஓரம் முருங்கை மரத்தில் தொங்கவிட்டோம்.

காலையில் படகு ஏறினோம். முதல் அலையிலேயே அப்பாவின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பிடித்திருந்தாள். அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் கடல் சட்டென்று சாதுவாகிவிட்டது. கரையில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவில் கோபுரம் விரல் நீளத்துக்குத் தெரிந்தது.

"இங்கதான்!" என்றேன், ஏதோ தங்கம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டேன். தொப்பென்று சத்தம் கேட்டது. "போலாம்ண்ணா."

படகு நகரவில்லை. "தம்பி, கொஞ்சம் திரும்பிப் பாரு."

"திரும்பிப் பாக்கக் கூடாதுண்ணா."

"நீ பாக்கலன்னாலும் அது உன்னப் பாத்துக்கினு கீது."

திரும்பினேன். கலயம் மூழ்கவே இல்லை. கழுத்து வரை தண்ணீரில் நின்று, தலையை ஆட்டி ஆட்டி, நிதானமாகக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்னடி பண்ணி வெச்சே?"

"ராத்திரி மழை வர்ற மாதிரி இருந்துதேன்னு..." அம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது. கலயத்தின் வாயைக் கட்டியிருந்த துணிக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட், அதன்மேல் பிரவுன் டேப். வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கு மாவடு அனுப்பும்போது கட்டுகிற அதே கட்டு. ஒரு பெட்டியிலும் இதுவரை ஒரு சொட்டுகூடக் கசிந்ததில்லை.

"இன்னாம்மா நீ, துபாய்க்கு பார்சல் அனுப்புறா மாதிரி கட்டிக்கீறே!" மீனவர் என்ஜினைத் திருப்பினார். "அலைக்குள்ள பூந்துச்சுன்னா நான் வரமாட்டேன். படகு கவுந்துரும். ஒரே வாட்டிதான், புட்ச்சிக்கோ."

அலை உடையும் கோடு கிட்டே வந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன், எட்டவில்லை. அடுத்த நொடி அம்மா என்னைத் தள்ளிவிட்டு பாதி உடம்பு வெளியே தொங்கினாள். "ஐயோ, விழுந்துராதடி!" என்று அப்பா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "டேய், எங்கடா போற? நில்லுடா!" என்று அம்மா, மாடியிலிருந்து மாமாவைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே அதட்டலில் கலயத்தைப் பார்த்துச் சொன்னாள். கலயத்தின் கழுத்து அவள் பிடியில் சிக்கியது.

மீனவர் கத்தியை நீட்டினார். "வேணாம், நான் கட்டினது எனக்குத்தான் தெரியும்" என்று நகத்தால் டேப்பின் நுனியைத் தேடி உரித்தாள். கவரைக்கூட மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு அவளே பிடி பிடியாக அள்ளித் தண்ணீரில் விட்டாள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சாம்பல் பால் மாதிரி ஒரு நிமிடம் பரவி, பிறகு வெறும் கடலாகிவிட்டது. காலிக் கலயம் தண்ணீர் குடித்து, குபுக்கென்று உள்ளே போனது.

"போயிட்டான்" என்றாள் அம்மா. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. "இருந்திருந்தா இத வெச்சே என்னை ஒரு வருஷம் ஓட்டியிருப்பான்."

"ஒரு வருஷமா? நான் ரெண்டு வருஷம் ஓட்டுவேன்" என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மீனவரிடம் கேட்டாள்: "இப்ப எந்தப் பக்கம் போவான்?"

"ஆடி மாசத்துல தண்ணி வடக்கால போவும்மா. மெரினா, காசிமேடு, அப்பால எண்ணூரு, பழவேற்காடு..."

அவள் வடக்கே பார்த்துக்கொண்டே வந்தாள். படகு மணலைத் தொட்டதும் கேட்டாள், "பழவேற்காட்டுக்கு பஸ் இருக்காடா?"

ரயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலிலிருந்து பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். பழவேற்காட்டிலும் ஒரு படகு பேசிப் பார்க்க வேண்டும். முன்பலகை தனக்குத்தான் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.