சாய்ந்தால் ஓடும் என் வண்டி

தொழிற்சாலைக்கு அறிவிப்பு எழுதுவது, அடுத்தவர் விரல்களைப் பற்றி நாள்தோறும் கவலைப்படும் தொழில். ‘இங்கே கை வைக்காதீர்’, ‘கண்ணாடி அணிந்தபின் இயந்திரத்தை இயக்குக’ போன்ற வாக்கியங்களை ஓசூரில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்காகத் தமிழில் எழுதி, ஒட்டி, சரிபார்த்து வருகிறேன்.

நிகழ்ச்சிகளுக்குள் நுழையும் முன் வாசகர்கள் சிலவற்றை அறிந்தாக வேண்டும். என் வண்டிக்கு இருக்கை இல்லை. இரண்டு சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல், மாட்டுவண்டிக்கு இருப்பதுபோல் பக்கத்துக்கு ஒன்றாக உள்ளன. நடுவிலுள்ள பலகையில் ஏறி நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். முன்னால் சாய்ந்தால் ஓடும். பின்னால் சாய்ந்தால் நிற்கும். விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உள்ளிருக்கும் மின்விசைக்கு உரியது. அடுத்து, என் முழங்கால். அது நிற்பதற்கு உடன்படும்; நடப்பதற்கு உடன்படாது. எங்கள் ஷெட்டுகளோ ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடுகளைப்போல் தள்ளித்தள்ளி நிற்பவை. பிரதான வாயிலிலிருந்து வேலையிடத்துக்கு நடந்தே களைத்துப்போகும் என் இனத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முழங்கால் வலியை அறிந்த நிர்வாகம், அறிவிப்புகளைப் படம் எடுத்து அனுப்பச் செய்வதாகவும் நான் மாடி அறையில் அமர்ந்தே சரிபார்க்கலாம் என்றும் கூறியது. அன்பான யோசனைதான். ஆனால் ஓர் அறிவிப்பு புரிந்ததா என்பது படிப்பவர் முகத்தில்தான் தெரியும், படத்தில் தெரியாது. ஆகவே இவ்வண்டியை வாங்கினேன். பாதுகாப்பு அதிகாரி ஒரு மாதச் சோதனைக்கு அனுமதி தந்தார். ஒரேயோர் அசம்பாவிதம் நேர்ந்தாலும் வண்டி வாயிலுக்கு வெளியே, நான் மாடி அறைக்கு உள்ளே. இதுவே நிபந்தனை.

முன்சக்கரம்

மூக்கண்டப்பள்ளியில் உள்ள என் வீட்டிலிருந்து தொழிற்பேட்டையின் உட்சாலை வழியாக முதல் நாள் வந்து சேர்ந்தபோது, காற்று முகத்தில் மோதிய களிப்பில் எனக்கு வயதே மறந்திருந்தது. வாயிலில் காவல் மேற்பார்வையாளர் முனிரத்தினம் தடுத்தார். அவர் வீட்டில் தெலுங்கும் லாரி ஓட்டுநர்களிடம் கன்னடமும் என்னிடம் தமிழும் பேசுபவர். பூஜை போடாத புதுவண்டி எதுவும் தம் வாயிலைக் கடந்ததில்லை என்று அறிவித்து, கற்பூரம், மாலை, எலுமிச்சம்பழம் ஆகியவற்றை வரவழைத்துவிட்டார். கைப்பிடிக்கு மாலை ஏறியது. பிறகு பழத்தை முன்சக்கரத்தின் கீழ் வைக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். முன்சக்கரம் எது?

காவலர்கள் மூன்று மொழிகளில் விவாதித்தனர். முடிவில் இரண்டு சக்கரங்களுக்கும் பக்கத்துக்கு ஒரு பழம் வைக்கப்பட்டது. நான் ஏறி மெல்லச் சாய்ந்தேன். இடப்பக்கப் பழம் முறைப்படி நசுங்கியது. வலப்பக்கப் பழம் உருண்டு ஓடி, சக்கரத்தை வழுக்கவிட்டது. வண்டி தன் விருப்பம்போல் திரும்பி, கற்பூரத் தட்டைச் சுற்றி என்னை ஒரு முழு வட்டம் அழைத்துச்சென்று புறப்பட்ட இடத்திலேயே நிறுத்தியது. நான் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்ததை அவர்கள் பக்தி என்று கருதியிருக்க வேண்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டே முனிரத்தினம் சொன்னார்: “நானு எத்தினியோ வண்டிக்குப் பூஜை போட்டிருக்கேன் மேடம். வண்டியே பிரதட்சணம் வந்தது இதான் ஃபர்ஸ்ட்டு.”

தும்மல்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மாதேஷ் முதல் வாரம் முழுவதும் என் வண்டியைப் பற்றிக் கேள்வி கேட்டார். கியர் உண்டா, மேட்டில் ஏறுமா, மழையில் நனையலாமா என்பவற்றுக்கெல்லாம் ஆயத்தமாக விடை வைத்திருந்தேன். ஓட்டும்போது தும்மினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டதற்கு மட்டும் விடை இல்லை. கையேட்டிலும் இல்லை.

விடை பெயின்ட் ஷெட்டின் வாசலில் கிடைத்தது. மஞ்சள் கோடிட்ட நடைபாதையில் நான் சீராகச் சென்றுகொண்டிருந்தபோது, உள்ளிருந்து வந்த நெடி மூக்கில் ஏறியது. தும்மல் என்பது உடல் தன்னையறியாமல் முன்னால் சாய்வது. என் வண்டியோ சாய்வதை ஆணையாகக் கொள்வது. ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு பாய்ச்சல் வீதம், பெரிய மனிதர்க்கு வணக்கம் செலுத்துபவளைப்போல் முன்னேறினேன். எதிரே வந்த மாதேஷ் ஃபோர்க்லிஃப்டை ஓரங்கட்டி, எஞ்சினையும் அணைத்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: “தும்மி முடிச்சுட்டுச் சொல்லுங்க மேடம், அதுவரைக்கும் நான் நின்னுகினு இருக்கேன்.”

கல்லாவியில் ஒரு கேள்வி

மாதேஷின் ஊர் கல்லாவி. தம் மகளின் காதணி விழாவுக்கு அழைத்தவர், வண்டியுடன் வரவேண்டும் என்று வற்புறுத்தினார். உறவினர் எவரும் அவர் வருணனையை நம்பவில்லையாம். கைப்பிடியை மடக்கிப் பேருந்தின் சாமான் அறையில் ஏற்றினேன். குருபரப்பள்ளியில் பேருந்து நின்றபோது இறங்கிச்சென்று அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவந்தேன். குழந்தையை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு வந்த தாயின் நிலையில் இருந்தேன்.

கல்லாவியில் இறங்கி, பட்டுப்புடவைக்கு மாற்றாக நான் தேர்ந்திருந்த பட்டுச் சுடிதாரும் தலைக்கவசமுமாகச் சந்தைத் தெருவில் வழுக்கிக்கொண்டு சென்றேன். காற்றும் வெயிலும் கூட வந்தன. அரசியல் ஊர்வலத்தில் வேட்பாளருக்குக்கூட அத்தனை வாசல்கள் திறந்திருக்குமா என்பது ஐயம். விழாவில் சாப்பாடு முடிந்ததும் மாதேஷின் மாமனார், தக்காளி விளைவிக்கும் விவசாயி, வண்டியைச் சுற்றிவந்தார். எத்தனை தக்காளிப் பெட்டி ஏற்றலாம் என்று கேட்டார். ஒன்றும் ஏற்ற இயலாது என்றேன். எங்கே உட்காருவது என்றார். உட்கார இயலாது, நிற்கவேண்டும் என்றேன். அவர் என்மீது உண்மையான பரிவோடு கூறினார்: “நின்னுகினே போறதுக்கு எதுக்கும்மா வண்டி? பஸ்லயே நின்னுகினு போலாமே.”

பை

சோதனை மாதத்தின் கடைசி வாரம். பேக்கிங் ஷெட்டுக்குப் பாதுகாப்பு அதிகாரி என்னுடன் வந்தார். இனி அவர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடுவதுதான் மீதம். புது அறிவிப்பு ஒன்றைக் காட்டுவதற்காக வண்டியைவிட்டு இறங்கினேன், அணைக்கவில்லை. ஆளில்லாமலும் அது தானே நிமிர்ந்து நிற்கும் அழகை அவர் காணட்டும் என்பது என் எண்ணம். அவரும் கண்டார், வியந்தார்.

அப்போது கனகா வந்தாள். கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்து, பேக்கிங் பிரிவை நடத்துபவள். என்னை அக்கா என்று அழைப்பவள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறுகையில் அதிகாரிக்குக் காட்ட வேண்டிய அட்டைப்பெட்டி. நம் ஊரில் இருசக்கர வண்டியின் கைப்பிடி யாருடையதாயினும் பை மாட்டுவதற்குப் பொதுச்சொத்து. பேச்சை நிறுத்தாமல் அவள் பையை மாட்டினாள். பையின் கனத்தில் கைப்பிடி முன்னால் சாய்ந்தது. வண்டி ஆணையை ஏற்றுப் புறப்பட்டது.

நடைபாதையின் நடுவே, நான் ஒருநாளும் ஓட்டியிராத அளவுக்கு நேராக அது சென்றது. தொழிலாளர்கள் வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டனர். ஒருவர் பழக்கத்தில் வணக்கமும் வைத்தார். பின்னால் கனகா தன் சாப்பாட்டை நிற்கச்சொல்லி ஓடினாள். அவள் பின்னால் அதிகாரி. அவர் பின்னால், ஓட இயலாத நான். மாடி அறையின் சன்னல் என் கண்முன் வந்தது. மாதேஷ் இறக்கிவைத்திருந்த காலிப் பலகையடுக்கில் மோதி, அதையும் தள்ளப் பார்த்து, வண்டி அங்கேயே உறுமிக்கொண்டிருந்தது. கனகா பையைக் கழற்றினாள். அது உடனே சாதுவாக நிமிர்ந்து நின்றது.

எவருக்கும் காயமில்லை. ஆயினும் அசம்பாவிதம் அசம்பாவிதம்தான். நான் வாய்திறக்கும் முன் கனகா முந்திக்கொண்டாள்: “நாந்தான் சார் மாட்டுனேன், அக்கா மேல தப்பில்ல. கைப்பிடின்னு ஒண்ணு இருந்தா பை மாட்டத்தான செய்வாக?”

அதிகாரி வண்டியை இருமுறை சுற்றிவந்தார். கைப்பிடியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இந்த ஃபேக்டரியில குப்பைத் தொட்டிக்குக்கூட நீங்க அறிவிப்பு ஒட்டியிருக்கீங்க. உங்க மெஷின்ல எங்க மேடம்?”

பின்னர் உறுதியானவை

தவறு வண்டியுடையது அன்று, அறிவிப்பு ஒட்டாத என்னுடையது என்று அதிகாரி முடிவு செய்ததால் அனுமதி நிலைத்தது, ஆனால் அறிவிப்பு ஒட்டியதை நேரில் பார்த்த பிறகே அவர் கையெழுத்திட்டார். ‘கைப்பிடியில் எதையும் மாட்டாதீர், மாட்டினால் வண்டி ஓடும்’ என்று தமிழில் நான் எழுத, கீழே கன்னடத்திலும் தெலுங்கிலும் முனிரத்தினம் சொல்லித்தந்தார். கனகா அதைப் படித்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், புரிந்தது. பேக்கிங் ஷெட்டின் வாசலில் பை மாட்ட ஒரு கொக்கி அடிக்கப்பட்டது. பெயின்ட் ஷெட்டைக் கடக்கையில் முகமூடி அணிகிறேன்; வண்டியைவிட்டு இறங்கினால் அணைத்துவிடுகிறேன். மாடி அறை இப்போது ஸ்டேஷனரி வைக்கும் இடம். கனகாவின் புளியோதரைக்குச் சேதமில்லை; அதில் பாதியை அன்று நான்தான் உண்டேன்.

இவ்வண்டியில் ஏறுவதற்கு நான் தனியே கற்றுக்கொண்டேன். முறையாக இறங்குவதற்குத்தான் ஒரு தொழிற்சாலையே கூடிக் கற்பிக்க வேண்டியிருந்தது.